கனசாவாவுக்குப் போகாத வியாழக்கிழமைகள்

அலுவல் பயணம் போகிறவர்கள் மட்டும் இல்லாவிட்டால் ஜப்பான் என்றைக்கோ கடலில் மூழ்கியிருக்கும் என்பது ஒனோதெராவின் சித்தாந்தம். மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை தோக்கியோவில் ரயிலேறி, கனசாவாவில் ஒரு தொழிற்சாலையின் தராசுகளைச் சரிபார்த்து, ஓர் இரவு தங்கித் திரும்புவது அவருடைய வேலை. கிளம்புவதற்கு முதல் நாள் சாப்பாட்டு மேசையில் மனைவி தொமோயேவுக்குத் தவறாமல் ஒரு சொற்பொழிவு உண்டு.

"நான் கனசாவா போறேன்னு வை. ரயில் ஓடுது. பெட்டிச்சோறு கட்டுறவங்களுக்கு வேலை. ஓட்டல்ல படுக்கை விரிக்கிறவனுக்கு வேலை. இனிப்பு கிண்டறவன், அதுக்கு வண்ணத்தாள் சுத்தறவன்... ஒருத்தன் ஊருக்குப் போனா பத்துப் பேர் பிழைக்கிறான். உலகத்துல நிமிர்ந்து நிக்கிற நாடெல்லாம் இப்படித்தான் நிமிர்ந்துது."

"உங்க சட்டைக்கு இஸ்திரி போடறவ அதுல எத்தனையாவது ஆள்?"

"அது வீட்டு வேலை. தேச வருமானத்துல வராது."

"அப்ப சட்டை கசங்கியே இருக்கட்டும். தேசத்துக்கு நஷ்டமில்லை."

ஏப்ரலில் இடி விழுந்தது. ஒனோதெராவைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான மேலாளர் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அவ்வளவு குனிந்தபோதே ஏதோ கெட்ட செய்தி என்று ஒனோதெராவுக்குத் தெரிந்துவிட்டது. "இனிமே கனசாவா வேலையைக் கம்ப்யூட்டர் திரையிலேயே முடிச்சுக்கலாம். இத்தனை வருஷம் உங்களை அலைய வெச்சது எங்களுக்கே கஷ்டமா இருந்துச்சு."

தொமோயேவுக்கு இது தெரியவே கூடாது என்று அன்றே முடிவு செய்தார். காரணம் கௌரவம் மட்டுமல்ல. மற்ற நாட்களில் அவள் சமையலறைக்குள்ளிருந்தே "போய்ட்டு வாங்க" என்று குரல் கொடுப்பாள். பயண நாளில் மட்டும் மூன்றாம் மாடி பால்கனிக்கு வந்து, அவர் பெட்டியை உருட்டிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை கையசைப்பாள். அந்தக் கையசைப்பை இழக்க அவர் தயாராக இல்லை.

ஆகவே மே மாதம் வழக்கம்போலக் கிளம்பினார். பெட்டியை ரயில் நிலைய லாக்கரில் வைத்துவிட்டு அலுவலகம் போனார். மாலையில் உவேனோவில் ஒரு சின்ன ஓட்டலில் தங்கினார். எல்லா ஊர் இனிப்பும் விற்கிற கடை தோக்கியோ நிலையத்திலேயே இருக்கிறது. மறுநாள் அங்கே ஒரு பெட்டி கனசாவா இனிப்பு வாங்கிக்கொண்டு, நீண்ட பயணக் களைப்பை முகத்தில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினார்.

"கனசாவாவுல மழையா?" என்றாள் தொமோயே, குடையைத் தடவிப் பார்த்து.

"ம்... இல்லை."

"அதிசயம்தான்."

மழைக்குப் பேர்போன ஊர் அது. அடுத்த மாதம் முன்ஜாக்கிரதையாக ஓட்டல் குளியலறையில் குடையை விரித்து நனைத்துக் கொண்டுவந்தார். அன்றைக்குப் பார்த்து, கனசாவாவில் சுள்ளென்று வெயில் அடிப்பதைத் தொலைக்காட்சி காட்டியது. "குறிப்பா என் மேலதான் பெஞ்சுது" என்றார். தொமோயே தலையாட்டிவிட்டுக் குடையைக் காயப்போட்டாள்.

இப்படி ஆறு மாதம். நவம்பரில் அவள் கேட்டாள்:

"நண்டுக் காலம் வந்தாச்சே. இந்தத் தடவை இனிப்பு வேண்டாம். அந்த ஊர்ச் சந்தையில சின்னதாப் பெட்டை நண்டு கிடைக்குமாமே, வாங்கிட்டு வாங்க."

"நண்டா? ரயில்ல நாறுமே."

"ஐஸ் போட்டுத் தருவாங்க. டிக்கெட்டும் எடுத்துட்டேன், ஜன்னலோரம்."

"கம்பெனியில எடுத்துக் குடுப்பாங்களே, தொமோயே!"

"வேண்டாம்னு சொல்லிடுங்க. சந்தோஷப்படுவாங்க."

வேறு வழியில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கையசைப்பை வாங்கிக்கொண்டு, டிக்கெட்டில் போட்டிருந்தபடி உவேனோவில் ஒரு மணி நேரம் காத்திருந்து நிஜமாகவே ரயிலேறினார். பக்கத்து இருக்கை காலி. இருபது நிமிடத்தில் ஓமியா நிலையம். கதவு திறந்தது. ஊதா நிறக் கோட்டும் கையில் இரண்டு பெட்டிச்சோறுமாக ஒரு பெண்மணி ஏறி, இருக்கை எண்ணைப் பார்த்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. கோட்டு மேல உக்காந்திருக்கீங்க."

தொமோயேதான். ஒனோதெரா ஜன்னலோரமாக நகர்ந்து கோட்டை விடுவித்தார்.

"எப்ப... எப்பத் தெரியும்?"

"மே மாசமே. எப்பவும் ரெண்டு பெட்டி இனிப்பு வாங்கிட்டு வருவீங்க. ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு ஆபீசுக்கு. அப்ப ஒண்ணுதான் வந்துது. ஊருக்குப் போன மனுஷன் ஆபீசுக்கு இனிப்புக் குடுக்காம இருப்பாரா? ஒண்ணு வேலை போயிருக்கணும், இல்லை ஊருக்கே போகாம இருந்திருக்கணும். சம்பளம் வந்துது. அதனால வேலை போகலை."

"டிக்கெட்டை உவேனோவுல இருந்து எடுத்தியே, அது எப்படி?"

"சட்டைப் பையில உவேனோ ஓட்டலோட காலைச் சாப்பாட்டுச் சீட்டு. இஸ்திரி போடறப்போ கிடைச்சுது. தேச வருமானத்துல வராத வேலைதான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மலைகள் மங்கலாகத் தெரிந்தன. கண்ணாடியில் குறை ஒன்றும் இல்லை.

தொமோயே பெட்டிச்சோற்றைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். "தெரிஞ்சேதான் ஆறு மாசமும் பால்கனிக்கு வந்தேன். உவேனோவுக்குப் போனாலும் பெட்டியை உருட்டிட்டுத்தானே போறீங்க. சாப்பிடுங்க. இன்னைக்கு ரெண்டு பெட்டியா வாங்குவோம். திங்கக்கிழமை ஆபீசுல வெச்சு, பொண்டாட்டியோட கனசாவா போயிருந்தேன்னு சொல்லுங்க. யார் குனிஞ்சாலும் நீங்க நிமிர்ந்தே நில்லுங்க."

ஒனோதெரா அவள் பக்கம் திரும்பினார். வாழ்நாளில் முதல்முறையாகப் பொருளாதாரம் கலக்காத ஒரு வாக்கியம் பேசினார்: "இனிமே உன்னை விட்டுட்டு ஒரு ராத்திரிகூட வெளியில தங்க மாட்டேன், தொமோயே."

அவள் திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள்.

"ஐயையோ, அப்படியெல்லாம் பண்ணிடாதீங்க. இரண்டாவது வியாழக்கிழமை உவேனோவுக்கே போய்டுங்க. அன்னைக்குத்தான் நம்ம வீட்டுல கீழ்வீட்டு இஷிகுரோ அம்மாவோட நாங்க நாலு பேர் சீட்டு ஆடறோம். ஒருத்தர் ஊருக்குப் போனா பத்துப் பேர் பிழைக்கிறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"