ராஜகிரியில் ஒரு நன்றியுரை

வேலை முடிவதற்கு முன்னாலேயே நன்றி சொல்லிவிடுகிற முட்டாள்கள் ஊருக்கு ஊர் உண்டு. மைக் பிடித்து, மலை உச்சியில் நின்று (சரி, உட்கார்ந்து) சொன்னவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கம். மேல்சித்தாமூரிலிருந்து பஸ் ஏறி வந்து செஞ்சியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் வந்த போலியோ இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டது. சமதரை என்றால் அக்குள் கட்டைகளை ஊன்றிச் சமாளித்துவிடுவேன். மாடிப்படிதான் எமன். எங்கள் வகுப்போ மாடியில். கீழே முதல்வர் அறை, ஆபீஸ், அப்புறம் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டி வைத்த ஒரு பெரிய அறை. ஆக, உடைந்த பெஞ்சுகள் கீழே சௌகரியமாக இருந்தன. நான் தினமும் படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்பக்கத்தால் ஒவ்வொரு படியாக ஏறினேன். வகுப்புத் தோழன் அந்தோணி என் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான். (பெண்கள் கூட்டமாக இறங்குவதும் சரியாக அப்போதுதான்.)

ஊனமுற்றோருக்காக ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது. உடனே ஒரு நலக்குழு. முதல்வர், தமிழ்ப் பேராசிரியர், உடற்பயிற்சி ஆசிரியர், ஊனத்துக்கு நான். முதல் கூட்டத்திலேயே என் ஒரே கோரிக்கையைச் சொன்னேன்: அந்தப் பெஞ்சுகளை மேலே ஏற்றிவிட்டு எங்கள் வகுப்பைக் கீழே இறக்க வேண்டும். நல்ல யோசனை, பரிசீலிப்போம் என்றார் முதல்வர். அதற்கு முன்னால் நாலு பேர் பேசும்படி பெரிதாக ஒன்று செய்ய வேண்டும் என்றார் தமிழ்ப் பேராசிரியர். அந்தப் பெரிய ஒன்று, என்னை ராஜகிரிக் கோட்டை உச்சிக்குத் தூக்கிப் போவது. பத்திரிகைக்காரரும் வருவாராம்.

அந்தோணி அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் சொன்னான்: "நீ கீழ எறக்குங்கன்னு கேக்குற. இவனுங்க உன்ன மேல தூக்கினு போறானுங்க. இன்னாடா இது?"

அவனுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். நான் அவ்வளவு பெரிய அறிவாளி.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுக்காரரின் கல்யாணப் பேன்ட்டைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டேன். முதல்வரின் கைவைத்த நாற்காலியில் இரண்டு பந்தல் மூங்கில்களைக் கட்டி, என்னை உட்கார வைத்து, மாலையும் போட்டார்கள். மாணவர்கள் முறைபோட்டுத் தூக்கினார்கள். எதிரே இறங்கி வந்த ஒரு அம்மாள் ஒதுங்கி நின்று, எந்த ஊர் சாமி என்று விசாரித்தார். உச்சிக்குச் சற்று முன்னால் இருக்கும் குறுகலான பாலத்தில் நாற்காலி திரும்பவில்லை. அந்தோணிதான் என்னை உப்புமூட்டை தூக்கினான். அதைப் படம் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் போனதும் மறுபடி நாற்காலியில் வைத்து எடுத்தார்கள்.

மேலே காற்று. கீழே ஊர் முழுவதும் தெரிந்தது. கைதட்டல். கையில் மைக்கைக் கொடுத்தார்கள். இவ்வளவு செய்கிறவர்கள் ஒரு அறையையா மாற்றித் தர மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "இன்றோடு படிக்கட்டு என்ற பயமே என்னை விட்டு ஒழிந்தது. இனி எந்த மாடியும் எனக்கு மாடி அல்ல" என்று முழங்கினேன். முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படம் எடுத்து முடித்ததும் எல்லோருக்கும் பசி. சாப்பாட்டுப் பொட்டலம் மலையடிவாரத்தில் இருந்தது. முதல்வரின் நாற்காலிக்குக் கீறல் விழக்கூடாது என்று அதை முதலில் பத்திரமாக இறக்கிக் கொண்டுபோனார்கள். எனக்கு ஆள் வரும் என்றார்கள். வெயில் சாயும்வரை காத்திருந்தோம், நானும் அந்தோணியும் குரங்குகளும். பிறகு, தினமும் செய்வதைத்தான் செய்தேன். உட்கார்ந்தே மலை இறங்கினேன். கல்யாணப் பேன்ட் பாதி வழியிலேயே பின்னால் விடைபெற்றுக்கொண்டது.

வீடு சேரும்போது இருட்டிவிட்டது. நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தால் வீட்டில் சாப்பாடு கிடையாது. நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) என் பேன்ட்டைப் பார்த்தார்.

"மல ஏறுனது இருக்கட்டும். கிளாசு கீழ வந்துச்சா?"

நாளைக்கே வந்துவிடும் என்றேன், பசியோடும் பெருமையோடும்.

மறுநாள் முதல்வர் அறைக்குப் போனேன். நான் மாலையோடு உட்கார்ந்த அதே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அறை விஷயத்தை நினைவூட்டினேன். அவருக்கு உண்மையாகவே வருத்தமாகிவிட்டது.

"இனிமே எந்த மாடியும் மாடி இல்லன்னு நீதானப்பா சொன்ன? கோட்டையே ஏறுனவன் நீ. உன்ன கீழ உக்கார வெச்சா உனக்குத்தான் அசிங்கம்."

அதன்பிறகு குழு கூடவே இல்லை. படத்தைச் சட்டம் போட்டு, மாடிப்படி முடியும் இடத்தில் மாட்டினார்கள். படிப்பு முடியும்வரை தினமும் மூச்சு வாங்கத் தரையில் உட்கார்ந்தபடி படத்தில் இருந்த என் இளிப்பை அண்ணாந்து பார்த்தேன். அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை. முதல்வர்மேல் பாதி, அந்த இளிப்பின்மேல் பாதி.

இன்று எங்கள் வீட்டில் 'ராஜகிரி' மலையின் பெயரல்ல. பிளம்பர் வேலையை முடிக்கும் முன் நான் அவரைப் புகழ ஆரம்பித்தால், "ராஜகிரி பண்ணாதீங்க" என்பாள் மனைவி.

போன மாதம் பென்ஷன் விஷயமாக மகளோடு வங்கிக்குப் போனேன். வாசலில் உயரமான படிகள். மேனேஜரே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மன உறுதிதான் எங்களுக்கெல்லாம் பாடம் என்றார். நாற்பது வருடத்துக்குப் பிறகும், பரவாயில்லை சார் என்று சொல்ல என் வாய் பாதி திறந்துவிட்டது.

"நைனா, ராஜகிரி" என்றாள் மகள்.

வாயை மூடிக்கொண்டேன். மேனேஜர் சிரித்தபடி காத்திருந்தார். நான் கட்டையைத் தூக்கிப் படியைக் காட்டினேன்.