அகரவரிசையில் என் தனிமை

நான் எழுதிய முதல் புத்தகம் இருநூற்றுப் பதினான்கு பக்கம். ஸ்பைரல் பைண்டிங், மேலே பிளாஸ்டிக் அட்டை, உள்ளே பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியர் பெயர். மொத்தமே நான்கு பிரதிகள். அவற்றில் ஒன்றைக்கூட யாரும் படித்துவிடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்ட தெய்வங்களின் பட்டியலை எழுதினால் இரண்டாவது புத்தகம் தேறும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து மைசூருக்கு வேலைக்குப் போயிருந்தேன். ஹெப்பாள் தொழிற்பேட்டையில், அட்டைப்பெட்டி செய்யும் பட்டறையின் மாடியில், பதினோரு பேர் உள்ள சாஃப்ட்வேர் கம்பெனி. பெண்பிள்ளையைத் தனியாக அனுப்புவதா என்று வீட்டில் பெரிய ரகளை நடந்தது. "மூணே மாசம். அழுதுட்டு வந்து நிப்பா, பாருங்க" என்று என் மாமா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதனால் அழுகை வந்தாலும் ஊருக்கு பஸ் ஏற வழியில்லை. ஆறு மாதம் கழித்து வேலை நிரந்தரமானால் நான் ஜெயித்தேன், ஆகாவிட்டால் மாமா ஜெயித்தார். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் 'நான் இங்கே நல்லா இருக்கேன்' என்றே எழுதினேன்.

நல்லா இல்லை. ஆபீசில் எல்லாரும் கன்னடம். கெட்டவர்கள் இல்லை, எனக்காக இரண்டு நிமிடம் இங்கிலீஷில் பேசுவார்கள், மூன்றாவது நிமிடம் பேச்சு தானாகக் கன்னடத்துக்குத் திரும்பிவிடும். நான் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருப்பேன். மதியம் ஒரே மேசையில் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு மானிட்டர் முன்னால் டப்பாவைத் திறப்பேன். (வேலையாவது, வெங்காயமாவது. கையில் சோற்றோடு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.) சில நாட்களில் என்னிடம் நேராகப் பேசிய ஒரே ஆள் பஸ் கண்டக்டர். "முந்தெ ஹோகி" என்பார். நானும் முன்னால் நகர்ந்துகொள்வேன்.

எங்கள் டீம் லீடர் சம்பத் சார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, என்னிடம் பேசுவது அளந்த இங்கிலீஷ். அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். நாங்கள் எழுதிய கிடங்குக் கணக்குப் புரோகிராமில் ஒவ்வொரு மெத்தட்டுக்கும், அதாவது ஒரு சின்ன வேலையைச் செய்யும் ஒவ்வொரு துண்டுக்கும், மேலே அது என்ன செய்கிறது என்று குறிப்பு இருக்க வேண்டும். குறிப்பு இருக்கிறதா என்று எண்ணுவதற்கு ஒரு சின்ன புரோகிராம்கூட எழுதியிருந்தார். அது எண்ணும், படிக்காது.

அந்த ஓட்டையில்தான் நான் குடித்தனம் வைத்தேன். வெளியே தெரியும் மெத்தட்களுக்கு ஒழுங்கான இங்கிலீஷில் எழுதினேன். உள்ளுக்குள் மட்டும் பயன்படும் பிரைவேட் மெத்தட்களை யார் பார்க்கப் போகிறார்கள்? அங்கே இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுத ஆரம்பித்தேன். கிடங்கில் ஒரு அடுக்கு காலியா என்று பார்க்கும் மெத்தட்டுக்கு மேலே: 'அடுக்கு தெரியாது. நான் காலி.' தேதியைச் சரிபார்க்கும் மெத்தட்டுக்கு: 'இன்று வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை பேசியதுதான் கடைசி.' இன்னொன்றில்: 'மெஸ்ஸில் ரசம் தித்திக்கிறது. அழ வேண்டும் போலிருந்தது, ரசத்துக்காக அழுதால் அசிங்கம் என்று விட்டுவிட்டேன்.' இன்னொன்றில்: 'சம்பத் சார் சிரிக்க வேண்டுமென்றால் என்ன பாராமீட்டர் அனுப்ப வேண்டும் என்று தெரியவில்லை.' (மெத்தட் வேலை செய்ய நாம் உள்ளே அனுப்பும் தகவல்தான் பாராமீட்டர்.) ஐந்து மாதம் இப்படியே ஓடியது.

எங்கள் வாடிக்கையாளர் கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி. ஒப்படைக்க மூன்று நாள் இருக்கும்போது சம்பத் சார் என் மேசைக்கு வந்தார். இனிமேல் அவர்களுடைய ஆட்களே புரோகிராமைப் பராமரிக்கப் போகிறார்களாம். "உள்ளே இருக்கிற எல்லாத்துக்கும் கையேடு வேணும்னு கேக்கறாங்க. மைனஸ் பிரைவேட் போட்டு எடுத்துடுங்க" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். ஜாவாடாக் என்று ஒரு கருவி. புரோகிராமில் நாம் எழுதி வைத்த குறிப்புகளையெல்லாம் பொறுக்கியெடுத்து அழகான கையேடாக்கித் தரும். கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டி, பின்னால் மைனஸ் போட்டு நம் விருப்பங்களைச் சொல்ல வேண்டும். மைனஸ் ஆத்தர் போட்டால் எழுதியவர் பெயர் வரும். மைனஸ் டி போட்டு ஒரு ஃபோல்டரைச் சொன்னால் கையேடு அங்கே போய் உட்காரும். ஒன்றும் சொல்லாவிட்டால் பிரைவேட் சமாசாரங்களைத் தொடாது. மைனஸ் பிரைவேட் போட்டால் அத்தனையும் வெளியே வரும். அதுவும் கோயம்புத்தூருக்குப் போகிறது, அங்கே வாசித்துக் காட்டினால் வாட்ச்மேனுக்குக்கூடப் புரியும்.

எங்கெங்கே என்னென்ன எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்ப்போம் என்று மூன்று விருப்பங்களையும் போட்டு, டாக்ஸ் என்ற ஃபோல்டருக்கு ஓட்டினேன். பிரௌசரில் திறந்தேன்.

என் ஐந்து மாதம் அங்கே அட்டவணை போட்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு குறிப்பின் முதல் வாக்கியத்தையும் எடுத்து, ஏ முதல் இசட் வரை வரிசைப்படுத்தி, எழுதியவர் கலாமணி என்று பெயரும் போட்டிருந்தது. யாரும் என்னிடம் கேட்காத கேள்விக்கு அந்தக் கருவி இவ்வளவு சிரத்தையாகப் பதில் எடுத்து வைத்திருந்தது. கொஞ்ச நேரம் அழிக்க மனம் வரவில்லை. அப்புறம் மாமாவின் முகம் ஞாபகம் வந்தது, புரோகிராமுக்குள் போய்க் குறிப்புகளை அழிக்க உட்கார்ந்தேன்.

நூற்றுச் சொச்சம் மெத்தட். சாயங்காலம் நாலு மணிவரை ஒவ்வொன்றாகத் தமிழை எடுத்துவிட்டு மரியாதையான இங்கிலீஷ் வைத்தேன். மறுபடி ஓட்டினேன். வரிகள் மளமளவென்று ஓடின, ஒரு பிழையும் இல்லை. "டாக்ஸ் ஃபோல்டர்ல ரெடி சார்" என்று சொல்லிவிட்டு, நீண்ட நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டாவது தடவை மைனஸ் டி போட மறந்திருந்தேன். சுத்தமான கையேடு நான் நின்ற இடத்திலேயே கொட்டிக் கிடந்தது. டாக்ஸ் ஃபோல்டரில் பழையது அப்படியே இருந்தது. அச்சுக்குப் போனது அதுதான்.

மறுநாள் பதினோரு மணிக்கு மீட்டிங். முதலாளிக்கு ஒன்று, சம்பத் சாருக்கு ஒன்று, டெஸ்டிங் பார்க்கிறவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நான் பெருமையாகப் பிரித்தேன். 'அடுக்கு தெரியாது. நான் காலி.'

முதலாளி படம் இருக்கிற பக்கங்களை மட்டும் பார்க்கிறவர், பிரச்சினையில்லை. டெஸ்டிங்காரர் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ ஜாவா என்று விட்டுவிட்டார். சம்பத் சார் மட்டும் ஒரே பக்கத்தில் நின்றார். திருப்பினார். மறுபடி நின்றார். இந்த மனிதர் கன்னடக்காரர், எதைப் படிக்கிறார் இவ்வளவு நேரம்? அவர் காது மடல் சிவந்தது.

"ஏனாயித்து?" என்றார் முதலாளி, என்ன ஆச்சு என்று.

சம்பத் சார் புத்தகத்தை மூடினார். பழைய ஃபோல்டரை அச்சுக்கு அனுப்பிவிட்டதாகவும், தப்பு தன்னுடையது என்றும், நாளைக்குள் புதிதாக வந்துவிடும் என்றும் கன்னடத்தில் சொன்னார். (அந்த அளவுக்குப் புரிந்தது. ஆபத்தில் எல்லா மொழியும் புரிகிறது.) நான்கு பிரதிகளையும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடி, படிக்கட்டருகே பிடித்தேன். ஐ ஆம் சாரி, ஐ ஆம் வெரி சாரி என்று ஆரம்பித்தேன்.

"சிரிக்கறதுக்கு பாராமீட்டர் ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

தமிழில்.

"எங்காத்துல தமிழ்தான் பேசறது. இங்க பக்கத்துல மேல்கோட்டை, ஐயங்கார் நாங்க. வெளியில இந்தத் தமிழ் பேசினா உங்க ஊர்க்காரா சிரிக்கறா. நீங்களும் சிரிச்சுடுவேள்னு பேசலை, அஷ்டே." கடைசிச் சொல் கன்னடம், அவ்வளவுதான் என்று அர்த்தம்.

ஐந்து மாதம். இரண்டு மேசை தள்ளி.

"ரசம் தித்திக்கறதுன்னு எழுதியிருக்கேளே. நாளைக்கு எங்காத்து சாத்தமுது கொண்டுவரேன்" என்றார். ரசத்துக்கு அப்படியொரு பெயரை நான் கேட்டதே இல்லை. அந்த நிலைமையிலும் பக்கென்று சிரித்துவிட்டேன், அவர் பயந்தபடியே. அவரும் சிரித்தார். அப்புறம் நான் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அவர் நான்கு புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

புதிய கையேடு போனது, வேலையும் நிரந்தரமானது. அடுத்த ஒரு வருடம் மதியத்தில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, அவர் தமிழும் என் தமிழும் கலந்து ஏதேதோ பேசினோம். பிறகு அவர் அமெரிக்கா போய்விட்டார். இரண்டு கடிதம் வந்தது, மூன்றாவது வரவில்லை. வருத்தம்தான், யாரிடமும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பந்தியில் என்னையறியாமல், "அம்மா, கொஞ்சம் சாத்தமுது" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்கள். "கம்ப்யூட்டர் வேலைக்கு அனுப்புனா, அம்மிணி ஐயங்காராகி வந்திருக்குதுங்க" என்றார் மாமா. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும், பந்தியில் நான் ரசவாளியோடு வந்தால் போதும், சின்னதும் பெரிதுமாக எல்லாரும் "சாத்தமுது, சாத்தமுது" என்று கூப்பாடு போடுவார்கள். அந்தச் சொல் எனக்கு எங்கே கிடைத்தது என்று இன்றுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் சிரித்துக்கொண்டே ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுகிறேன்.