மிளகாய்ப் பாத்தியில் நான் ஆற்றிய உரை

வாசகரே, நீங்கள் நடுவராக வேண்டாம். சாட்சியாக மட்டும் இருங்கள். தீர்ப்பை என் அக்கா அன்றே சொல்லிவிட்டாள்.

நான் பட்டிமன்றங்களில் பேசி வென்ற கோப்பைகள், அலமாரியில் இடம் போதாமல், எங்கள் கோட்டுச்சேரி வீட்டு நெல்மூட்டைகளின் மேல் அமர்ந்திருந்த காலம் அது. ஒவ்வொரு வாதத்தின் முடிவிலும் வலக்காலால் மேடையை ஓங்கி அறைவது என் வழக்கம். (பலகை மேடையாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கே கைதட்டல் விழும்.) அந்தக் காலைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

அக்கா கயல்விழி வேளாண்மை இறுதியாண்டு மாணவி. எங்கள் கொல்லை முழுவதும் களிமண். அதன்மேல் செங்கற்சுவர் எழுப்பி, எருவும் மண்ணும் நிரப்பி, முழங்கால் உயர மேட்டுப்பாத்தியில் இருபத்துநான்கு மிளகாய்ச் செடிகளை வளர்த்திருந்தாள். அதுவே அவளுடைய ஆய்வு. திங்கட்கிழமை பேராசிரியர் வந்து பார்ப்பார். செடிகள் போனால் ஓராண்டுப் படிப்பு போகும். இந்நிலையில், தோழியின் திருமணத்துக்காக வெள்ளியன்று கும்பகோணம் கிளம்பினாள்.

"மழை வரும் போலருக்குடா. தண்ணி நின்னா, அடியில பூசாம விட்டிருக்கேன் பாரு, அந்த ரெண்டு செங்கலை உருவிட்டு வாய்க்காலுக்கு ஒரு கோடு வெட்டி விடு. வேற எதையும் தொடாத."

"செடிகளோடு பேசலாமா? நன்றாக வளருமாமே?"

"நீ பேசுனா பட்டுப்போயிடும்."

அன்று மாலையே மழை. பாத்தியில் ஒரு விரற்கடை தண்ணீர் நின்றது. இரண்டு செங்கல்லை உருவுவது ஒரு தீர்வா? நீர் பக்கவாட்டில் ஓடுவது தோல்வி. மண்ணுக்குள் இறங்குவதே வெற்றி என்று எனக்குள் ஒரு வாதம் எழுந்தது. எதிர்த்துப் பேச வீட்டில் எவருமில்லை. அப்பா வயலில் இருந்தார்.

சனிக்கிழமை காலை, செடிகளை வேர்மண்ணோடு பெயர்த்து அன்னக்கூடைகளில் நிழலில் வைத்தேன். பாத்தி மண்ணை வெளியே வாரினேன். அடியில் களிமண் பளபளத்தது. மூன்று சட்டி மணலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, இரண்டும் கலக்கட்டும் என்று காலால் மிதிக்கத் தொடங்கினேன். வெறுமனே மிதிப்பானேன்? அடுத்த வாரம் பேசவேண்டிய 'நாட்டை உயர்த்துவது உழைப்பா, அறிவா?' என்ற தலைப்புக்கும் அங்கேயே ஒத்திகை பார்த்தேன். நான் அறிவின் அணி.

நடவு வேலைக்குச் செல்லும் பக்கத்து வீட்டுச் செல்வி அத்தை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, நாத்து விடப்போறியா?"

"இல்லை அத்தை, வடிகால் அமைக்கிறேன். மணல் கலந்தால் நீர் இறங்கும். முதலாவதாக..."

"அட, சேறு மிதிக்கிறதே தண்ணி இறங்காம நிக்கத்தானே! நீ மிதிச்ச மிதிக்கு ஒரு போகம் நிக்கும் போ."

எதிரணிக்கு நேரம் முடிந்துவிட்டது என்று மனத்துக்குள் மணியடித்தேன். ஆனால் அத்தை சொன்னது எனக்கும் தெரிந்ததுதான். நெல் விவசாயியின் மகன் நான். ஆண்டுதோறும் வயலில் அப்பா இதைத்தான் செய்கிறார். ஆனாலும் ஒப்புக்கொள்ள மனமில்லாமல், வாரிய மண்ணைத் திரும்பக் கொட்டி, செடிகளை நட்டு, பூசாத அந்த இரண்டு செங்கற்களின் இடுக்கையும் (அழகுக்காக!) களிமண்ணால் மெழுகினேன். பிறகு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு விடியலில் கொட்டத் தொடங்கியது. ஒன்பது மணிக்குப் பாத்தி குட்டையாகியிருந்தது. பத்து மணிக்கு அக்கா அழைத்தாள்.

"செடியெல்லாம் எப்படிடா இருக்கு?"

"நிமிர்ந்து நிற்கின்றன." (இரண்டு செடிகள். அவற்றையும் நான்தான் கையால் பிடித்திருந்தேன்.)

செங்கற்களை உருவப் பார்த்தேன், அசையவில்லை. சொம்பால் இறைத்தேன், மழை என்னைவிட வேகமாக ஊற்றியது. மாலையில் அக்கா உள்ளே நுழைந்தபோது, பாத்திக்குக் குடை பிடித்தபடி நான் நனைந்துகொண்டிருந்தேன்.

விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தாள்.

"மிதிச்சியா?"

"ஆமாம்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு முன்னுரை, ஐந்து வாதம், ஒரு முடிவுரை."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கடப்பாரையால் அந்த இரண்டு செங்கற்களைத் தட்டியெடுத்தாள். கொல்லை வாய்க்கால்வரை கோடு வெட்டினாள். தண்ணீர் பீறிட்டு ஓடியது. ஈரக் களிமண்ணைக் குத்திக் கிளறினால் இன்னும் இறுகும் என்று அதைத் தொடவேயில்லை. பாத்தியின் நடுவே சரிவாகப் பள்ளம் கீறி, ஓட்டாஞ்சில்லு நிரப்பி, இருபுறமும் மண்ணை அணைத்து உயர்த்தி, செடிகளை மேலேற்றி நட்டாள். நான் சில்லு சுமந்தேன்.

திங்கட்கிழமை ஒன்பது செடிகளே நிமிர்ந்தன. பேராசிரியர் குனிந்து பார்த்தார். "என்னம்மா ஆச்சு?"

"மழை ஜாஸ்தி சார்..." என்று அக்கா தொடங்கினாள். என்னைக் காப்பாற்றத்தான்.

நான் குறுக்கிட்டேன். "மழை இல்ல சார். நான்தான் மிதிச்சேன்" என்றேன். மேற்கோள் இல்லை, எதுகை இல்லை. என் வாழ்நாளின் மிகச் சிறிய உரை.

அவர் என் கால்களை ஒரு முறை பார்த்தார். "இதையும் எழுதும்மா. ஒரு மாசம் கழிச்சு வரேன். இந்த ஒம்பது காய்ச்சா போதும்."

காய்த்தன, அக்கா தேறினாள். அவளுடைய ஆய்வேட்டில் 'குடும்ப உறுப்பினர் ஒருவரால் அடிமண் மிதித்து இறுக்கப்பட்டது' என்ற வரி இன்றும் இருக்கிறது. நான் எந்த மேடையில் காலை ஓங்கினாலும், கூட்டத்திலிருந்து செல்வி அத்தையின் குரல் வரும்: "நாத்து பறிக்க எப்ப வரணும் தம்பி?"

அந்தத் திங்களன்று பேராசிரியர் கிளம்பியதும், அக்கா என்னைப் பாத்தியின் சுவர்மேல் ஏற்றி, அத்தையும் அப்பாவும் கேட்க, தன் தீர்ப்பாக ஓர் உறுதிமொழி சொல்லச் சொன்னாள். வலக்கால் தானாக உயர்ந்தது. அக்கா பார்த்தாள். மெல்ல இறக்கிக்கொண்டு, உரக்கச் சொன்னேன்:

"இனி மண்ணில் நிற்கையில் பேச மாட்டேன்; பேசுகையில் மண்ணில் நிற்க மாட்டேன்."