கூலிங் அண்ணனும் இரண்டு டிகிரியும்

விதைப்பையைப் பற்றிக் கூலிங் அண்ணனைப் போலச் சத்தமாகப் பேசிய மனிதர் பெங்களூரில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் எங்கள் பேட்டையான மர்பி டவுன் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் அவர் தொழில். தொண்ணூறுகளில் ஒரு ஆஸ்பத்திரி லேபுக்கு ஃப்ரிட்ஜ் சரிசெய்யப் போனவர், அங்கே சுவரில் மாட்டியிருந்த ஆண் உறுப்புப் படத்தைப் பார்த்துச் சொக்கிப்போனார். டாக்டரைத் துளைத்தெடுத்துத் தெரிந்துகொண்டதை மறுநாளே டீக்கடையில் ஆட்டோ டிரைவர்களுக்கு வகுப்பெடுத்தார்.

"மத்த பார்ட்டெல்லாம் உள்ளே வெச்ச ஆண்டவன், இதை மட்டும் ஏன்டா வெளியே தொங்கவிட்டான்? உடம்புச் சூட்டைவிட ரெண்டு டிகிரி கம்மியா இருந்தாத்தான் அங்க விந்தணு ஒழுங்கா உண்டாகும். குளிர்னா பை மேலே ஏறும், சூடுன்னா கீழே இறங்கும். தெர்மோஸ்டாட்டு குரு! எந்தக் கம்பெனிக்காரன் இப்படிப் போடுவான்?"

இறுக்கமான ஜீன்ஸில் யாராவது போனால் விடமாட்டார். "டேய், ஃப்ரிட்ஜை சுவத்தோட ஒட்டி வைக்காதடா!"

நான் அப்போது பேக்கரியில், ஓவன் முன்னால் பத்து மணி நேரம் நிற்பவன். கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. என் மனைவி செல்வியை மூன்று டாக்டர்களிடம் காட்டியாயிற்று. அவளிடம் குறையில்லை என்று மூவரும் சொல்லியும் அம்மா நம்பவில்லை. கோலாரில் எனக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. கூச்சம்.

பன் வாங்க வந்த கூலிங் அண்ணன் பத்துப் பேர் முன்னால் கேட்டார்: "உன்னை டெஸ்ட் பண்ணாங்களாப்பா?"

"இல்லணா... மெதுவா பேசுணா."

"சும்னே, காரணமே இல்லாம அந்தப் பொண்ணை இழுத்துட்டு அலையறீங்களே! ஏப்ரனைக் கழட்டு, லேபுக்குப் போலாம்."

லேபில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து அறைக்குள் அனுப்பினார்கள். அரை மணி நேரம் சுவரைப் பார்த்தபடி நின்றேன். கூலிங் அண்ணன் கதவைத் தட்டினார்.

"என்னப்பா, பவர் கட்டா?"

வெளியே வரிசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் காரியம் நடந்தது.

விந்தணு குறைவு. விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்துச் சூடு தேங்குகிறதாம். சின்ன ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். கூலிங் அண்ணன் பெரிய நிபுணரைப் போலத் தலையாட்டினார். "கம்ப்ரஸர் நல்லாருக்கு. பைப்புலதான் பிரச்சினை."

வீட்டில் அம்மா கோலார் பெண்ணின் போட்டோவோடு உட்கார்ந்திருந்தாள்.

"குறை எனக்குத்தாம்மா" என்றேன்.

"என்னடா முணுமுணுக்கற?"

மூன்றாவது தடவை சொன்னது தெருக்கோடிக்கே கேட்டிருக்கும். அம்மா போட்டோவைக் கவிழ்த்து வைத்தாள். சமையலறையில் செல்வி நான்கு வருட அழுகையையும் சேர்த்து அழுதாள்.

ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். பெரிய லெக்சர் வரும் என்று காத்திருந்தேன். அவர் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "செல்வி சாப்பிட்டாளா?" என்றார்.

இன்றைக்கும் அவரை யாராவது அரைக்கிறுக்கு என்றால், முதலில் சண்டைக்குப் போவது செல்விதான்.