தண்ணீர்ப் பந்தலில் எழுதிவைத்த பாஸ்வேர்ட்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ரவுட்டர் விற்கிறவருக்குப் பாடம் நடத்தக் கூடாது. நான் நடத்தினேன்.

கனடாவில் இருக்கும் என் அக்காவுக்கு நீரிழிவால் கண் மங்கிக்கொண்டு வந்தது. பார்வை போவதற்குள் புங்குடுதீவில் எங்கள் ஊர் அம்மன் கோயிலைச் சுற்றி வெளிவீதி வருவதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார். விமானம் ஏற டொக்டர் விடவில்லை. ஆகவே எங்கள் குடும்பம் உபயம் செய்கிற நாள் திருவிழாவை போனில் நேரடியாகக் காட்டுவதென்று முடிவு. அதற்கு சிம் போடுகிற ரவுட்டர் ஒன்று வாங்க யாழ்ப்பாணம் போனேன்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை வைத்தார். "இதில மெமரி கூட, அதில குறைவு. எத்தனை பேர் பாவிப்பினம் அண்ணை?"

"ஒரு போன்தான் தம்பி. படம் இதுக்க தங்கப் போறேல்லையே, கனடாவுக்குத்தானே போகுது. நயினாதீவு வள்ளத்தில ஏறின சனம் அக்கரையில இறங்கிடும். வள்ளத்துக்கு அறை எதுக்கு?"

"வள்ளத்திலயும் இவ்வளவு பேர்தான் ஏறலாம் எண்டிருக்கு அண்ணை. ஏறுற ஒவ்வொரு போனையும் இது மெமரியில வைச்சுத்தான் கவனிக்கும். ஒண்டெண்டால் சின்னது காணும். கனபேரெண்டால் ஏலாது."

"ஒண்டுதான்" என்று சின்னதை வாங்கினேன். (கோயில் காரியத்தில் ஆடம்பரம் கூடாதென்ற நினைப்பு வேறு.)

திருவிழாவன்று பின்னேரம் போனைத் தடியில் கட்டிவிட்டு, தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றினேன். பக்கத்து வீட்டு மாமி வந்தார்.

"இன்ரநெற் வைச்சிருக்கிறியாம். லண்டனில என்ர மோளும் பாக்கட்டுமே தம்பி."

தண்ணீர்ப் பந்தலில் நின்றுகொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வராது. இனி ஒவ்வொருவரும் கேட்பார்களே என்று பாஸ்வேர்ட்டைப் பெட்டி மட்டையில் எழுதி, மோர்ப்பானைக்கு மேலேயே தொங்கவிட்டேன். புண்ணியம் என்று நினைத்தேன். மோர் குடித்த கையோடு எல்லோரும் போனை எடுத்தார்கள்.

மணி அடித்தது. சால்வையை இறுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அம்மன் வாசல் தாண்டினாள். ரவுட்டர் செத்தது.

நிறுத்திப் போட்டேன். உயிர் வந்தது, ஊரே மறுபடி ஏறியது, மறுபடி செத்தது. மட்டையைக் கழற்றினேன். போன்களுக்குள் போன பாஸ்வேர்ட்டைக் கழற்ற எனக்குத் தெரியாது. அதற்குள் அம்மன் வீதி சுற்றி உள்ளே போய்விட்டாள்.

அக்கா அழைத்தார். "தம்பி, நீ சால்வையை இறுக்கிக்கொண்டு முன்னால நிண்டனீ, படம் அதோட நிண்டிட்டுது. அரை மணித்தியாலமாய் உன்ர முதுகைத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தனான். அம்பாள் வந்திட்டாவே?"

"வந்து உள்ளுக்கயும் போயிட்டா அக்கா."

"பரவாயில்லை. வாற வருசம் பாப்பம்."

அடுத்த வருடம் பெரியதை வாங்கினேன். பாஸ்வேர்ட்டை மனைவிக்கும் சொல்லவில்லை. படம் ஓரிடத்திலும் நிற்கவில்லை என்று அக்காவின் மகள் சொன்னாள். அக்காவுக்குத்தான் அதற்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன. மேளச் சத்தத்தை வைத்து, அம்மன் எந்த வீதியில் வருகிறாள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இப்போதும் திருவிழாவில் மேளம் எழும்பியதும் அக்கா போனில் முதலில் சொல்வது இதுதான்: "தம்பி, கொஞ்சம் விலகி நில்லு. அம்பாள் வாறா."

அங்கேயும் இங்கேயும் எல்லோரும் சிரிப்பார்கள். நான் விலகி நிற்பேன்.