என்னைப் பார்த்துவிட்ட மீன்

உயிர்களைக் காப்பாற்றுகிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. துறவிகளை இதில் சேர்த்துவிடாதீர்கள். அவர்கள் காலையில் பாத்திரத்தில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. இது வேறு இனம். இவர் கறி சாப்பிடுவார், மீன் சாப்பிடுவார், இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று எட்டியும் பார்ப்பார். ஆனால் மதியக் குழம்புக்கு மீன் வாங்கப் போன இடத்தில், தொட்டிக்குள் கிடக்கும் மீன்களில் ஒன்று இவரைத் தலைநிமிர்ந்து பார்த்துவிடும். அவ்வளவுதான். அந்த மீனை வாங்கி, பாலிதீன் பையில் தண்ணீரோடு கட்டி, கோயில் படித்துறைக்குக் கொண்டுபோய், கண்மூடி வேண்டிக்கொண்டு ஆற்றில் விட்டுவிட்டு, திரும்பும் வழியில் ஐஸில் கிடக்கிற வேறொரு மீனைக் குழம்புக்கு வாங்கிவருவார். அது ஏற்கெனவே செத்துவிட்டது. அதற்கு இவர் என்ன செய்ய முடியும்?

தாய்லாந்தில் மெக்லோங் ஆறு கடலைத் தொடும் ஊரில், கால்வாயோரம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற எழுத்தர் சம்ருவாய், இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. அவருடைய தர்மம் முழுவதும் கண்ணில் இருக்கிறது. கண் இருந்து, அது அவரைப் பார்த்தும்விட்டால் அது உயிர். பார்க்காதவரை அது சாப்பாடு. தலையில்லாத கோழியோடு அவருக்கு எந்த மனஸ்தாபமும் கிடையாது. கொத்திய பன்றிக்கறியைத் துளசியும் மிளகாயும் போட்டு வதக்கி மேலே ஒரு முட்டையைப் பொரித்து வைத்தால் இரண்டு தட்டுச் சோறு இறங்கும். இறாலுக்கும் கண் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் காம்பில் செருகிவைத்த மிளகு மாதிரி இருக்கும் அந்தக் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அது கணக்கில் வராது. அவருடைய ஒரே மகள் கூங்கின் பெயருக்கே இறால் என்றுதான் அர்த்தம். தெருவில் பன்றி, தவளை என்ற பெயர்களிலும் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பெயரும் அவரைத் தடுத்ததில்லை.

கொசுவை மட்டும் அடிப்பார். கேட்டால், "அதுதான் முதல்ல ஆரம்பிச்சுது" என்பார்.

காப்பாற்றுவது அவர் வேலை. காப்பாற்றிய பிறகு அந்த உயிருக்குச் சோறு போடுவது, அது கழித்ததை அள்ளுவது, அது கொத்தினால் மருந்து தடவிக்கொள்வது எல்லாம் அவர் மனைவி லமியட்டின் வேலை. சண்டையில் தோற்று, மறுநாள் சூப்பாகப் போகவிருந்த ஒற்றைக்கண் சேவல் ஒன்று அவள் சமையலறை வாசலைச் சொந்தமாக்கிக்கொண்டு அவள் கணுக்காலைக் குறிவைத்துக் காத்திருக்கிறது. கோயிலில் யாரோ கொண்டுவந்து விட்டுப்போன பூனைகள் இங்கே குடிவந்திருக்கின்றன. உப்பு பூனையின் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று சம்ருவாய் எங்கேயோ படித்ததால், கானாங்கெளுத்தியை வீட்டுக்கு ஒரு சட்டியிலும் பூனைகளுக்கு ஒரு சட்டியிலும் லமியட் தனித்தனியாக வேகவைக்கிறாள். சர்க்கரை டப்பாவில் எறும்பு வந்தால் டப்பாவை வெயிலில் வைத்து, அவை தாமாக மனம் மாறிப் போகும்வரை கறுப்புக் காப்பி குடிக்க வேண்டும்.

"அதுவும் ஓர் உயிர்தானே, லமியட்."

"அப்ப நான் என்னவாம்? அம்மிக்கல்லா?"

"நீ வாய் தொறந்து கேட்டு வாங்கிக்குவ. அது வாயில்லாத ஜீவன்."

வாயில்லாத ஜீவன் அந்த நேரம் பார்த்துக் கொக்கரக்கோ என்று கூவியது.

இதையெல்லாம் லமியட் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்த வருஷம் அவளுக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. கூங்கைக் கட்டிக்கொள்ளப் போகிற பையனின் அம்மா பூன்ரியாங், கடலையே பார்க்காத கொன்கேனிலிருந்து சம்பந்தம் பேச வருகிறாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவள். பெற்றவர்களை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டை வைத்துத்தான் எடைபோடுவாள் என்று கூங் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். தொலைபேசியில் அந்த அம்மாளே சொல்லிவிட்டாள்: "உங்க கையால சுட்ட இறாலைச் சாப்பிடத்தான் வர்றோம், சம்பந்தி. மத்தப் பேச்செல்லாம் அதுக்கப்புறம்."

லமியட்டின் தம்பி தவினுக்கு நாலு வீடு தள்ளி இறால் குளம் இருந்தது. "என் மருமக விருந்துக்கு உள்ளங்கை நீளத்துல இறால் தர்றது என் பொறுப்பு. கடையில ஒண்ணுகூட வாங்கக்கூடாது, சொல்லிட்டேன்" என்று அவன் சொன்ன நாளிலிருந்து அவள் மனம் அந்தக் குளத்தில்தான் கிடந்தது. கால்வாயில் கடல் ஓதம் ஏறும்போது தவின் மதகைத் திறந்து குளத்துக்குப் புதுத்தண்ணீர் விடுவான். தண்ணீரோடு கண்டதும் உள்ளே வராமலிருக்க மதகின் வாயில் ஒரு வலை கட்டியிருப்பான். கொடுவா மீன் ஒன்று உள்ளே வந்தாலும் போதும், தினமும் விருந்துதான் அதற்கு. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

சம்ருவாய்க்கும் தெரியும். ஆனால் மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் மாலை நடைக்குப் போனபோது, அந்த வலையில் ஓர் ஆமைக்குஞ்சு சிக்கி, கழுத்தை நீட்டி அவரைப் பார்த்துவிட்டது.

அவர் அதைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, லமியட் துணி துவைக்கிற தொட்டியில் விட்டார். அவள் வாளியில் துவைக்கத் தொடங்கினாள். அந்த வாரமே கூங்கின் பிறந்தநாள் வந்தது. வயது எத்தனையோ அத்தனை மீன், கூட ஒன்று, ஆற்றில் விட வேண்டும். படித்துறையில் விற்கிறவள் கெளுத்திக்குஞ்சுகளைக் காட்டினாள். சம்ருவாய்க்குச் சிரிப்பு வந்தது.

"இங்க கடல்தண்ணி ஏறும்மா. கெளுத்தி தாங்காது. புண்ணியம்னு விட்டுட்டுப் பாவத்தைச் சம்பாதிக்கிறவன் நான் இல்ல. உப்புத்தண்ணி தாங்குற மீனாக் குடு."

"அப்படின்னா கொடுவாக்குஞ்சுதான் இருக்கு, மாமா."

"அதான் வேணும்."

விவரமில்லாத இரக்கத்தால் கெளுத்திகள் செத்திருக்கும். விவரமுள்ள இரக்கம் என்ன செய்தது என்பது விருந்துக்கு முதல்நாள் காலையில் தெரிந்தது.

இறால் பிடிக்கக் குளத்தை வடிக்கும்போது லமியட் கூடைகளோடு கரையில் நின்றாள். சம்ருவாய் பூனைகளுக்கு ஏதாவது கிடைக்கும் என்று வந்திருந்தார். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது, கணுக்காலுக்கு இறங்கியது. இந்நேரம் சேறெங்கும் இறால்கள் துள்ளியிருக்க வேண்டும். துள்ளவில்லை. நடுவில் மட்டும் சேறு கொதிப்பதுபோல் இருந்தது. தவின் இறங்கிப் போய் இரண்டு கையாலும் ஒன்றைத் தூக்கினான். வெள்ளி மாதிரி மின்னுகிற, கொழுத்த கொடுவா. அதன் வாயிலிருந்து ஓர் இறால் மீசை தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றான் தவின், "உன் விருந்தை இதுங்க சாப்பிட்டு முடிச்சாச்சு."

லமியட் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு அதன் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். தவின் மதகுக்குப் போய் வலையை இழுத்துப் பார்த்தான்.

"எலி கடிச்சிருந்தா பிஞ்சிருக்கும். இது கத்தியால வெட்டுனது. எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்கான் பாருங்க! ஒரு ஆமை தாராளமாப் போகும்."

ஆமை என்ற சொல்லைக் கேட்டதும் லமியட் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். சம்ருவாய் ஆகாயத்தில் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க."

"ம்?"

"அந்த ஆமையை எங்கேருந்து எடுத்தீங்க?"

"அது... சிக்கிக்கிட்டிருந்துச்சு. அதுவும் ஓர் உயிர்தானே."

"வலையை அறுத்துட்டு வந்தீங்களே, மாமா, அறுத்தேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?" என்றான் தவின்.

"செஞ்ச நல்லதை வெளிய சொல்லக்கூடாது."

ஆற்றில் விட்ட ஒவ்வொரு மீனையும் கைப்பேசியில் படமெடுத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்புகிறவர் சொன்ன வார்த்தை இது. தவின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். அவள் அழுதிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அவள் எழுந்து சேலைபோல் சுற்றியிருந்த கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு, "அந்த மீனையெல்லாம் பிடிச்சுப் போடு" என்றாள்.

"லமியட்! நம்ம கூங் பேர்ல விட்ட மீனு!"

"ஆமா. கூங் கல்யாணத்துக்குத் திரும்பி வந்திருக்கு."

மறுநாள் மேசையின் நடுவில், இறால் இருந்திருக்க வேண்டிய இடத்தில், எலுமிச்சையும் பூண்டும் பச்சைமிளகாயும் போட்டு ஆவியில் வெந்த கொடுவா தலையோடும் வாலோடும் படுத்திருந்தது. பூன்ரியாங் பருத்த உடம்பும் கூர்மையான மூக்கும் உடையவள். மூடியைத் திறக்கும் முன்பே முகர்ந்துவிட்டாள்.

"இறால்னுதானே பேச்சு?"

கூங் தன் சோற்றைப் பார்த்தாள். லமியட்டின் காது சிவந்தது. "இறால்தான் சம்பந்தி," என்றாள் மெல்ல, "இந்த மீனுக்குள்ள இருக்கு. இந்த மழைக்காலம் பூரா அதைத்தான் தின்னு வளர்ந்துச்சு."

பூன்ரியாங் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு கரண்டியால் ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தாள். இன்னொரு விள்ளல் எடுத்தாள். மூன்றாவதற்குப் போகும்முன் நின்று, மரியாதை தெரிந்தவளாக, மீனின் தலையை அப்படியே பெயர்த்து, கன்னச்சதையோடு சம்ருவாயின் தட்டில் வைத்தாள்.

"வீட்டுப் பெரியவருக்குத்தான் கன்னம். நீங்க தொட்டாத்தான் நாங்க தொடணும்."

தலை தட்டில் திரும்பி விழுந்தது. வெந்து வெளுத்த கண் சம்ருவாயை நேராகப் பார்த்தது.

அவர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்த பார்வைக்கு முன் மீனின் பார்வை ஒன்றுமேயில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் பார்க்கவே இல்லை. சோற்றுப்பானையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். சம்ருவாய் மிகுந்த மென்மையோடு ஒரு கொத்தமல்லித் தழையை எடுத்து, இறந்தவர் முகத்தை மூடுவதுபோல் அந்தக் கண்ணை மூடினார். பிறகு கன்னத்தைத் தின்றார். பிறகு மறுகன்னத்தையும்.

"எலுமிச்சை இன்னும் கொஞ்சம் பிழிஞ்சிருக்கலாம்," என்றார்.

பூன்ரியாங் விழுந்து விழுந்து சிரித்தாள். பையனுடைய அப்பா சோறு போட்டுக்கொண்டார். கல்யாணத் தேதி பேசி முடிப்பதற்குள் சம்ருவாய் பழைய சம்ருவாய் ஆகிவிட்டார். "இந்த மீனெல்லாம் நானே பார்த்துப் பார்த்துக் குஞ்சா விட்டது, சம்பந்தி. செஞ்ச புண்ணியம் எப்படித் திரும்பி வந்திருக்கு பாருங்க" என்று அவர் சொன்னபோது, அடுக்களையில் ஏதோ பாத்திரம் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு விழுந்தது.

விருந்தாளிகள் போன பிறகு லமியட் பின்பக்கப் படித்துறையில் பாத்திரங்களோடு உட்கார்ந்தாள். நினைத்தது நடக்கவில்லை, ஆனால் நடந்தது நல்லபடியாகவே நடந்துவிட்டது. இன்னும் ஒரு கொடுவா ஈயத் தொட்டியில் உயிரோடு இருந்தது. ராத்திரிக் குழம்புக்கென்று வைத்திருந்தாள். தொட்டியை இழுத்தாள். கத்தியை எடுத்தாள். இதுவரை எத்தனையோ மீன்களை அறுத்த கை அது. மீன் தண்ணீருக்குள் ஒரு சுற்று வந்து, அவள் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து மூடியது.

அவளைப் பார்த்தது.

"என்ன பார்க்குற?" என்றாள் லமியட்.

அது பார்த்துக்கொண்டே இருந்தது. லமியட் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே சம்ருவாய் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சேவல் மட்டும் தன் ஒற்றைக்கண்ணால் இந்தப் பக்கம் நோட்டம் விட்டது. "இது ரொம்பச் சின்னது. குழம்புக்குக் காணாது" என்று சேவலுக்கு விளக்கம் சொல்லிவிட்டு, முழங்கை நீளத்துக்கு இருந்த அந்த மீனைக் கால்வாயில் சரித்துவிட்டாள். அது வாலால் ஒருமுறை தண்ணீரைத் தட்டிவிட்டுப் போயிற்று. லமியட்டுக்கு மனதுக்குள் என்னவோ இலேசாக, இனிப்பாக இருந்தது. அடடா, இந்த மனுஷன் இத்தனை வருஷமாக இதற்குத்தான் அலைகிறாரா?

அப்போது நாலு வீட்டுக்கு அப்பாலிருந்து தவினின் குரல் தண்ணீரின் மேல் மிதந்து வந்தது.

"அக்கா! புது இறால்குஞ்சு வருது, குளத்தை ரொப்பணும்! ஓதம் ஏறிடுச்சு, மதகைத் தொறந்துட்டேன்!"

லமியட் கத்தியோடு எழுந்து நின்றாள்.

"வலையைத் தச்சுட்டியாடா?"

"நாளைக்குத் தச்சுக்கலாம்க்கா. ஒரு ராத்திரியில என்ன வந்துடப் போகுது? ஏன் கேக்குற?"

லமியட் தண்ணீரைப் பார்த்தாள்.

"சும்மாதான்," என்றாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கடைசியாகக் கோழிக்கடைக்குப் போனபோது, கடைக்காரர் கூண்டுக்குள் கையை விட்ட அந்த நேரத்தில், "நீங்க வெட்டி வைங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த கடையில் தேவையே இல்லாத ஒரு பிளாஸ்டிக் குடத்தை உற்றுப் பார்த்தபடி நின்றது யார்? திரும்பி வந்து, பையை வாங்கிக்கொண்டு, "தோலை உரிச்சுட்டீங்கல்ல?" என்று மட்டும் கேட்டது யார்?