மகளை மிரட்ட நான் பிடித்த படகு

சரியாகப் பதினொன்று இருபதுக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. கைபேசியில் மணி பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. ‘ஏறி இருபது நிமிடமாகிவிட்டது, மகள் இன்னும் வாந்தி எடுக்கவில்லையே’ என்ற கவலையில்தான் பார்த்தேன்.

ஆமாம், அதுதான் என் கவலை. பெற்ற தாய்க்கு இப்படியும் ஒரு கவலை வருமா என்று கேட்பீர்கள். வந்தது. இதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.

மகள் தர்ஷினி உயர்தரப் பரீட்சையில் நன்றாகச் செய்திருந்தாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எந்தெந்தப் படிப்பு வேண்டும் என்று வரிசைப்படுத்தி எழுத வேண்டும். முதலாவதாகக் கடல்வளப் படிப்பை எழுதப்போகிறேன் என்றாள். மாத்தளை டவுனில் பிறந்து, வாழ்க்கையில் நான்கே தடவை கடலைப் பார்த்த பிள்ளை! (அதில் மூன்று தடவை நான் அவளைக் கணுக்காலுக்கு மேல் நனைய விடவில்லை.) படகில் ஏறி நடுக்கடலுக்கெல்லாம் போவார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் கணித ஆசிரியை. “பிள்ளைகளிடம் வேண்டாம் என்று நேராகச் சொன்னால் பிடிவாதம்தான் கூடும்” என்று பெற்றோர் கூட்டங்களில் பேசுகிறவள். ஆகவே நேராகச் சொல்லவில்லை. திட்டம் போட்டேன்.

பல்லேகமப் பக்கம் பெரிய நீர்த்தேக்கம் ஒன்று இருக்கிறது. அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் மேட்டு நிலங்களெல்லாம் இப்போது சின்னச் சின்னத் தீவுகள். மீன்பிடிக்கிறவர்கள் பாய் கட்டிய படகுகளில் அவற்றுக்கிடையே போய்வருவார்கள். “ஒரு நாள் படகுல போய்ப் பாரு. அதுக்குப் பிறகும் ஆசை இருந்தா எழுது, நான் தடுக்க மாட்டேன்” என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். மகள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்போதாவது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும்.

வானிலை அறிவிப்பைப் பார்த்து, இருப்பதிலேயே மோசமான நாளைத் தேர்ந்தெடுத்தேன். விண்ணப்பம் அனுப்ப இரண்டே நாள் இருந்தது. பஸ் ரிவர்ஸ்டன் மேட்டைத் தாண்டும்போது எதிரே பாதையே தெரியவில்லை.

“அம்மா, மழை வரும்போல இருக்கே. இன்னொரு நாளைக்கு வருவோமா?”

“சும்மா இரு, இது பனி. இங்க எப்பவும் இப்படித்தான்.”

கரையில் படகுக்காரரும் வானத்தைப் பார்த்துத் தயங்கினார். விடாமல் கெஞ்சி, முதல் தீவு வரைக்கும் மட்டும் என்று சம்மதிக்க வைத்தேன். மகள் பாதுகாப்பு அங்கியை மாட்டிக்கொண்டிருந்தபோது அவரைத் தனியாகக் கூப்பிட்டு, தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் சொன்னேன்: “மல்லி, நடுவுக்குப் போனதும் படகைக் கொஞ்சம் ஆட்டுங்க. பிள்ளைக்குப் பயம் வரணும்.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “இன்னைக்கு நான் ஆட்டத் தேவைப்படாது மிஸ்” என்றார். அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்த பாய் அது. காற்றில் அது புடைத்ததும் மகள் முன்பக்கம் உட்கார்ந்து, “அம்மா, பறக்குதும்மா!” என்று கத்தினாள். அவள் வாந்தி எடுக்கவென்று ஆறு ஷொப்பிங் பேக் கொண்டுவந்திருந்தேன். ஒன்றைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகுதான் அந்தப் பதினொன்று இருபது. படகு ஆட ஆரம்பித்தது. எனக்கு மனம் குளிர்ந்தது. படகுக்காரரைப் பார்த்து இலேசாகத் தலையாட்டினேன். இன்னும் ஆடியது. ‘போதும்’ என்று கையைக் காட்டினேன். அதற்கு மேலும் ஆடியது. படகு சாயாதிருக்க வெளிப்புறம் பிணைத்திருந்த பக்கக் கட்டை தண்ணீரை விட்டு மேலே எழும்பி, மறுபடி அடித்து விழுந்தது. மனிதருக்கு இவ்வளவு கடமை உணர்ச்சி ஆகாது என்று கோபம் வந்து, சிங்களத்தில் கத்தினேன்:

“போதும் மல்லி! ஆட்டினது போதும்!”

“நான் ஒண்ணும் செய்யல மிஸ்! இது காத்து!”

மகளுக்கு என்னைவிட நல்ல சிங்களம் தெரியும். மெதுவாகத் திரும்பினாள்.

“அம்மா... யாரு ஆட்டச் சொன்னது?”

நான் முதலாவது ஷொப்பிங் பேக்குக்குள் இருந்தேன்.

இனிச் சொல்லப்போவதுதான் பெரிய வெட்கம். காற்று அடித்த அடியில் பாயை உடனே இறக்கியாக வேண்டும். இறக்க முடியவில்லை. ஏனென்றால் பாய்மரத்தையும் கயிற்றையும் சேர்த்து நான் கட்டிப்பிடித்திருந்தேன். படகுக்காரர் கெஞ்சினார். மகள் நகர்ந்து வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்தால் மற்றது போய் ஒட்டிக்கொண்டது.

“கைய எடுங்கம்மா! பாய இறக்கணும்! கவுந்துரும்!”

எனக்கு அது கேட்கவில்லை. நான் மாரியம்மனிடம் பேசிக்கொண்டிருந்தேன், உரத்த குரலில்.

“தாயே, நூத்தெட்டுத் தேங்காய் உடைக்கிறேன்!”

ஓர் அலை முகத்தில் அடித்தது. தேங்காய் போதாது போலும்.

“பால்குடம் எடுக்கிறேன் தாயே!”

பக்கக் கட்டை மறுபடியும் எழும்பியது.

“எங்க வீட்டுக்காரர் பறவைக்காவடி எடுப்பாரு தாயே! எம்புள்ள என்ன வேணும்னாலும் படிக்கட்டும், எங்களக் கரையில மட்டும் சேர்த்துரு!”

(முதுகிலும் காலிலும் கொக்கி குத்தி அந்தரத்தில் தொங்குவதுதான் பறவைக்காவடி. என் வீட்டுக்காரர் இரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தும்போதே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறவர்.)

கடைசி விரலும் கழன்றது. பாய் இறங்கியது. படகு தள்ளாடிப்போய் முதல் தீவின் சேற்றில் ஏறி நின்றது. காப்பாற்றியது மகளும் படகுக்காரரும்தான். ஆனால் நேர்த்தி நேர்த்திதான். எங்கள் வீட்டில் அம்மனிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகு ஒரு தேங்காயைக்கூடக் குறைக்க முடியாது.

அந்தத் தீவில் யாரோ வாழ்ந்த வீட்டின் சீமெந்துப் படிகள் மூன்று மட்டும் மிச்சமிருந்தன. கிழிந்த பாயைத் தலைக்கு மேல் பிடித்தபடி, கொட்டும் மழையில் அதில் உட்கார்ந்திருந்தோம். மகள் தகப்பனுக்கு அழைத்து நடந்ததையெல்லாம் சொன்னாள், காவடி உட்பட. என் ஆறு பேக்கும் முடிந்திருந்தது. கைபேசியை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

“வேணாம்னு நேராவே சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னா கேட்டிருப்பியா?”

“கேட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்போம். அது பரவாயில்லயே.”

அவள் என் முந்தானையைப் பிழிந்து என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

இன்றும் மின்விசிறிக் காற்றில் திரைச்சீலை படபடத்தால் என் கை தானாகக் கட்டில் காலைத் தேடும். வீட்டில் நான் நல்லெண்ணத்தோடு எந்த யோசனை சொன்னாலும், “படகுக்காரர்கிட்ட முதல்லயே பேசிட்டீங்களாம்மா?” என்று கேட்கிறார்கள். சொந்தக்காரர்களும் கேட்கிறார்கள். போன மாதம் பாடசாலையில் அதிபரே கேட்டார்.

அன்று நான்கு மணிபோல மழை விட்டது. தூரத்தில் இயந்திரப் படகு ஒன்று வந்தது. கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்த என் வீட்டுக்காரர், சாரமும் சட்டையும் நனைந்து, இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்தபடி அதில் உட்கார்ந்திருந்தார். என்னைப் போலவே அவருக்கும் நீந்தத் தெரியாது. முழங்கால் சேற்றில் இறங்கி வந்து, மகளைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இல்லங்க, காத்து திடீர்னு...” என்று ஆரம்பித்தேன்.

கையைக் காட்டி நிறுத்தினார்.

“காவடிய நான் எடுக்கிறேன். நீ புள்ளைய விடு.”